ஹவாயில் ஒரு வியாழக்கிழமை: வயர்லெஸ் தரங்களில் சமரசம் ஏன் இவ்வளவு கஷ்டம்?

[காட்சி: திருகோணமலை, என்.சி. வீதி. போன் திருத்தும் கடை. மேல்தட்டில் தூசி படிந்த வைமாக்ஸ் ரவுட்டர்.]

குரல்: இந்தப் பெட்டியில் பழுது எதுவும் இல்லை. கரண்ட் கொடுத்தால் விளக்கு எரியும். ஆனால் இதோடு கதைக்கிற கோபுரம் இப்போது ஊரில் இல்லை. கோபுரத்திலிருந்து வீட்டுக்குக் கம்பியில்லாமல் இணையம் தரும் இரண்டு முறைகளான வைமாக்ஸுக்கும் எல்.டி.ஈ.க்கும் நடந்த போட்டியில் இதன் பக்கம் தோற்றுவிட்டது. காசு கொடுத்து வாங்கியவருக்கு மிச்சம் இந்தப் பிளாஸ்டிக்தான்.

எல்லாக் கம்பனிக் கருவிகளும் ஒன்றோடொன்று கதைக்கப் பொது விதி, அதாவது தரம், எழுதி இப்படியான சண்டைகளைப் பேசித் தீர்க்கவென்றே சபைகள் இருக்கின்றன. அங்கே என்ன நடக்கிறது?

[காட்சி: உலகப் படம். ஹவாய் பெரிதாகிறது. திகதி: 2006 ஜனவரி 19.]

குரல்: வைஃபை போன்ற வயர்லெஸ் முறைகளுக்குத் தரம் எழுதும், ஐ.ஈ.ஈ.ஈ. என்ற பொறியியலாளர் சபையின் குழுக்கள் அன்று ஹவாயில் கூடியிருந்தன. ஒரு குழுவின் கையில் 802.11என், அதாவது வேகமான வைஃபை. மற்றதன் கையில் 802.15.3ஏ. இது அல்ட்ரா வைட்பாண்ட்: பத்து மீற்றருக்குள் இருக்கும் கருவிகளுக்கிடையே செக்கனுக்கு 110 மெகாபிற்று அனுப்பும் திட்டம். இரண்டு குழுவுமே நீண்ட காலம் அணி பிரிந்து கிடந்தவை. அன்று முதலாவது குழு ஒரே வரைவை ஏகமனதாக ஏற்றது. இரண்டாவது குழு, வேலையையே கைவிட்டுக் கலைந்துவிட வாக்களித்தது.

விதி இருவருக்கும் ஒன்றுதான். போட்டித் திட்டங்களை வாக்கெடுத்து ஒவ்வொன்றாகக் கழிப்பார்கள். கடைசியில் மிஞ்சுவதற்கு 75 சதவீத ஆதரவு வேண்டும். கிடைக்காவிட்டால் கழித்த திட்டம் மறுபடி உள்ளே வரும். வெல்வதற்கு முக்கால்வாசிப் பேர் வேண்டும். தடுப்பதற்குக் காற்பங்குக்குக் கொஞ்சம் மேலே போதும். வாக்கும் கம்பனிக்கு இல்லை, ஆளுக்கு. கூட்டங்களுக்குத் தொடர்ந்து வருபவருக்குத்தான் வாக்குரிமை. ஆகவே, ஆட்களை விமானம் ஏற்றி அனுப்பக் காசுள்ள கம்பனிக்கு மண்டபத்தில் உயரும் கைகளும் அதிகம். ஆனாலும் 75 என்ற எண்ணைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதிப் பேர் வெறுக்கிற தரத்தை யார் சிப்பில் பதிப்பார்கள்?

[காட்சி: வரைபடம். மேலே துண்டுகளாக வெட்டிய அலைவரிசை. கீழே கூரான துடிப்புகள்.]

குரல்: இன்டெல், டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அணி, அலைவரிசையை 528 மெகாஹேர்ட்ஸ் துண்டுகளாக வெட்டி அனுப்பச் சொன்னது. மோட்டரோலாவும், பிறகு அதிலிருந்து பிரிந்த ஃப்ரீஸ்கேலும், மிகக் குறுகிய துடிப்புகளை அகலமாகப் பரப்பச் சொன்னார்கள். அடித்தளமே வேறு. பாதி இது, பாதி அது என்று கலக்க வழியில்லை. இரண்டு வகைக் கருவிகளும் ஒன்றையொன்று அறிந்துகொள்ள ஒரு பொதுச் சமிக்ஞையாவது வைப்போம் என்ற யோசனையும் வந்தது, எடுபடவில்லை. இரு தரப்பும் சிப்பில் பணத்தைக் கொட்டியாயிற்று. இனி இறங்கி வந்தால் காப்புரிமை வருமானமும் போகும், சந்தைக்கு முந்துகிற வாய்ப்பும் போகும்.

வைஃபையில் இரண்டு அணிகளும் பல அன்டெனாக்களைப் பயன்படுத்தும் அதே மிமோ முறையில்தான் நின்றன. 2005 ஒக்டோபரில் இன்டெல், புரோட்கொம், அதெரோஸ், மார்வெல் ஆகிய பெரிய சிப் கம்பனிகள், அணி பாராமல், குழுவுக்கு வெளியே கைகோத்து வரைவு எழுதின. சந்தையில் பெரும் பங்கு அவர்களிடம் இருந்ததால் மற்றவர்களும் வழிக்கு வந்தார்கள். இதில் சமரசமும் இருந்தது, நெருக்குதலும் இருந்தது. அப்படியும் இறுதித் தரம் வர 2009 செப்டெம்பர் ஆகிவிட்டது.

[காட்சி: திருகோணமலைத் துறைமுகம். சீனக்குடா மா ஆலைக்குக் கோதுமையோடு வரும் கப்பல்.]

குரல்: அரசுகள் மேலிருந்து கட்டாயப்படுத்தினால்? அதற்கு எங்கள் துறைமுகத்திலேயே பதில் இருக்கிறது. எந்த நாட்டுக் கப்பலும், எந்தக் கம்பனிக் கருவியும், 16ஆம் சனலில், 156.8 மெகாஹேர்ட்ஸில் கூப்பிட்டால் கேட்கும். கடல் வானொலியின் தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை. மார்க்கோனி கம்பனியின் வானொலி நிலையங்கள் வேறு கம்பனிக் கருவி பூட்டிய கப்பல்களோடு பேச மறுத்தன. 1902இல் ஜேர்மன் பேரரசரின் தம்பி பயணம் செய்த கப்பலுக்கே அந்தக் கதி. 1903இல் பெர்லினில் மாநாடு கூடியது. பிரித்தானியாவும் இத்தாலியும் இசையவில்லை. கப்பலும் கரையும் கருவி எதுவென்று பாராமல் செய்தி பரிமாற வேண்டும் என்ற விதி 1906ஆம் ஆண்டு பெர்லின் உடன்படிக்கையில்தான் வந்தது. எஸ்.ஓ.எஸ். அபாயக் குறியும் அதிலேயே. கடலில் உயிர் போகும் என்ற பயம் அரசுகளை அசைத்தது. வீட்டு ரவுட்டருக்காக எந்த அரசும் அப்படி அசையாது.

அரசு வராவிட்டால், பங்கு போட முடிகிற விஷயமாக இருக்க வேண்டும். 2016 நவம்பரில் அமெரிக்காவின் ரீனோ நகரில் 5ஜியின் பிழைதிருத்தக் குறியீட்டுக்கு, அதாவது வழியில் சிதையும் தரவைச் சரிசெய்யும் முறைக்கு, அப்படித்தான் முடிவு வந்தது. தரவுக்கு எல்.டி.பி.சி. என்ற குறியீடு, கட்டுப்பாட்டுச் சமிக்ஞைக்கு ஹுவாவே முன்னின்று கேட்ட போலார் என்ற குறியீடு.

[காட்சி: பூட்டிய கார். போனோடு ஒருவர் நெருங்குகிறார்; கதவு திறக்கிறது.]

குரல்: ஹவாயில் கலைந்த அல்ட்ரா வைட்பாண்ட் அணிகள் தனித்தனியே சந்தைக்குப் போயின. இன்டெல் அணியின் வைமீடியா கூட்டமைப்பு தன்னை மூடப்போவதாக 2009இல் அறிவித்தது. 2019இல் ஐஃபோன் 11 அல்ட்ரா வைட்பாண்டைத் திரும்பக் கொண்டுவந்தது, குறுந்துடிப்பு முறையில். வீடியோவைக் கம்பியில்லாமல் அனுப்பக் கேட்ட தொழில்நுட்பம், இன்று கார்ச் சாவி கதவிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளக்கிறது.