ட்ரிம் பட்டனைக் கடைசியில் தொடுங்கள்

வணக்கம். பிள்ளைக்கு என்று சொல்லிவிட்டுத் தனக்காகவே ரிமோட் ஹெலிகாப்டர் வாங்கும் அப்பாக்கள் சென்னையில் நிறையப் பேர் உண்டு. நானும் அதில் ஒருவன். விரலளவுப் பொம்மையைச் சொல்லவில்லை. முக்கால் கிலோ இருக்கும், பிளேடின் சாய்வை நாமே கூட்டிக் குறைக்கலாம், அந்த ரகம்.

பெட்டியைப் பிரித்த அன்றே மயிலாப்பூர் வீட்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். மே மாதம், சாயங்காலம். அந்நேரத்துக் கடல்காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். எழும்பிய ஹெலிகாப்டர் மேற்கே நழுவியது, உடனே ரிமோட்டில் இருக்கும், அது தானாக ஒரு பக்கம் நழுவுவதைத் திருத்துகிற ட்ரிம் பட்டனை எதிர்ப்பக்கமாக டிக் டிக்கென்று தட்டிக்கொண்டே போனேன், ஒருவழியாக நின்றது, பெரிய சாதனை போல இருந்தது. மறுநாள் விடிகாலையில் காற்றே இல்லை. நேற்றுத் தட்டியதெல்லாம் அப்படியே இருந்ததால் அது நேராகக் கிழக்கே ஓடி, கீழ்வீட்டு மாமி அப்போதுதான் பிழிந்துவிட்டுப் போயிருந்த வடாம் மேல் இறங்கியது. மாமி திட்டவில்லை. "ஏண்டாப்பா, அதுக்கும் பசிக்கறதா?" என்று மட்டும் கேட்டார்.

கதை அதோடு முடியவில்லை. துடைத்துவிட்டுத் திரும்ப ஓட்டினால் மொத்த உடம்பும் கிடுகிடுவென்று ஆடுகிறது. ஷாஃப்ட் வளைந்துவிட்டது என்று பயந்து, பல வருடமாக இதே வேலையாக இருக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பிளேடைத் தடவிப் பார்த்து நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினார், காய்ந்த மாவு உதிர்ந்தது. ஒரு பக்கப் பிளேடில் மட்டும் துளி மாவு, அவ்வளவுதான். நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் சுற்றுகிற பொருளுக்கு அதுவே தாங்காது.

அதனால்தான் சொல்கிறேன், முதலில் இயந்திரத்தைச் சரிசெய்யுங்கள், ட்ரிம் அப்புறம். ட்ரிம்மை நடுவில் வைத்து, சர்வோவின், அதாவது ஸ்டிக்கை அசைத்தால் பிளேடின் சாய்வை மாற்றும் குட்டி மோட்டாரின் கை செங்கோணத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஸ்டிக் நடுவில் இருக்கும்போது ஸ்வாஷ்பிளேட், அதாவது மேல் பிளேடுகளுக்குக் கீழே அவற்றின் சாய்வை மாற்றும் வட்டத் தட்டு, மட்டமாக இருக்க வேண்டும். பேட்டரியைப் பொருத்தி, மோட்டார் ஒயரைக் கழற்றிவிட்டு, தலைப்பாகத்தை இரண்டு விரலால் பிடித்துத் தூக்குங்கள், மூக்கு தொங்கினால் பேட்டரியைப் பின்னால் தள்ளுங்கள். தராசு பிடிக்கத் தெரிந்தவருக்கு இது கஷ்டமே இல்லை.

பிறகு டிராக்கிங், அதாவது இரண்டு பிளேடும் ஒரே மட்டத்தில் சுற்றுகிறதா என்று பார்ப்பது. இரண்டு பிளேடு நுனியிலும் ஒரே நீளத்துக்கு வேறு வேறு நிற டேப் ஒட்டுங்கள். ஒன்றில் மட்டும் ஒட்டினால் திரும்பவும் வடாம் கதைதான்! மோட்டார் ஒயரைத் திரும்ப மாட்டிச் சுற்றவிட்டு, நல்ல தூரம் தள்ளி நின்று பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு நிறமும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். ஒன்று மேலே தெரிந்தால், நிறுத்திவிட்டு, அந்தப் பிளேடின் லிங்க்கை, அதாவது அதன் சாய்வைப் பிடித்திருக்கும் சின்ன இணைப்புக் கம்பியை, அரைச் சுற்று திருகி அதன் சாய்வைக் குறைத்துப் பாருங்கள்.

இப்போதுதான் ட்ரிம். காலை ஆறு மணிக்கு, ஆள் நடமாட்டமில்லாத திடலில், விமான நிலையம் பக்கமெல்லாம் வேண்டாம். கணுக்கால் உயரத்தில் வைத்து ட்ரிம் செய்யாதீர்கள், தரையில் மோதித் திரும்பும் காற்றிலேயே அது வழுக்கும். பயமாக இருந்தாலும் நெஞ்சுயரத்துக்கு மேல் தூக்குங்கள். அங்கேயும் இடப்பக்கம் லேசாக நகர்ந்தால் பழுது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான மாடல்களில் மேல் பிளேடு, மேலிருந்து பார்த்தால், கடிகாரச் சுற்றாகச் சுற்றும், உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பாமல் வால் பிளேடு பிடித்துக்கொள்ளும்போது அந்த விசை மொத்த ஹெலிகாப்டரையும் இடப்பக்கம் தள்ளும். வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்பதே அதன் இயல்பு.

வாலை ஆடாமல் பிடிக்கும் ஜைரோ என்ற கருவியைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன், ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டுகிறார்கள். சரி, ஒன்றே ஒன்று: லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடாதீர்கள். வணக்கம்.