கல் போன வழி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இளைஞர் ஐக்கியத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து "சார், விசுவாசமும் அரசியலும்னு பேசணும்" என்று கேட்டபோது, எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடணும்னு மட்டும் சொல்லிடாதீங்க என்று ஒரு நிபந்தனையும் கூடவே வைத்தார்கள். சொல்ல மாட்டேன். 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவன், அதனால் 1954-இல் தொடங்கிப் பாறை லாரியில் வந்து நிற்பேன். நடுவில் தூங்குகிறவர்கள் தூங்கலாம், வகுப்பிலும் நான் யாரையும் எழுப்பியதில்லை.

இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிற நம் விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தன. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நேசமணி தலைமையில் போராட்டம். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். இது உங்கள் எல்லாருக்கும் தெரியும், தியாகிகள் நினைவு நாளில் வருஷா வருஷம் மாலை போடுகிறோம். நான் சொல்ல வருவது இன்னொரு விஷயம். அன்றைக்கு ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுபிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் கட்சி. அந்தக் கட்சியின் அகில இந்தியப் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா, வடக்கே ஏதோ ஒரு ஜெயிலில் இருந்துகொண்டு, மக்களைச் சுட்ட அரசாங்கம் ராஜினாமா செய்யட்டும் என்றார், அதுவும் தன் சொந்தக் கட்சியின் அரசாங்கத்தைப் பார்த்து. கட்சி கேட்கவில்லை, கொஞ்ச நாளில் அவர்தான் கட்சிக்கு வெளியே போக வேண்டி வந்தது. அவர் கிறிஸ்தவர் இல்லை. ஆனால் சொந்த ஜனத்தின் அநியாயத்தையே கண்டித்த ஆமோஸ் தீர்க்கதரிசியை வேதத்தில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது. அடுத்தவன் பாவத்தை ஊரறியச் சொல்ல யாராலும் முடியும், நம்முடைய கணக்கு நோட்டை நாமே திறக்கச் சொன்னால்தான் கை நடுங்கும்.

ரோமப் பேரரசனுக்கு வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு சொன்ன "இராயனுடையதை இராயனுக்கு" என்ற வசனத்தை நம் சபைகளில் எப்போது எடுக்கிறோம்? வாயை மூடிக்கொள்ள வேண்டிய நேரத்தில் எடுக்கிறோம். சபைக்கு அரசியல் வேண்டாம், ஜெபம் போதும் என்பார்கள். (சபை நிர்வாகத்துக்கான சேகரத் தேர்தல் வந்தால் மட்டும் ராத்திரி 2 மணிக்கும் வீட்டு வாசலில் கார் வந்து நிற்கும், அது அரசியலில் சேராது போலிருக்கிறது.) அந்த அதிகாரத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். வரிக்காசை எனக்குக் காட்டுங்கள் என்றுதான் இயேசு கேட்கிறார். காசு அவர் கையில் இல்லை, கேள்வி கேட்க வந்தவர்களின் மடியில்தான் இருந்தது.

சரி, இனி என் மடியில் இருந்த காசு.

நம் ஊரிலிருந்து கேரள எல்லையான களியக்காவிளைக்குப் போகிற ரோட்டில் ராத்திரி 11 மணிக்கு மேல் நின்றிருக்கிறீர்களா? கல் ஏற்றிய பெரிய டாரஸ் லாரி ஒன்றன் பின் ஒன்றாகப் போகும், தார்ப்பாய் பாதி மூடியிருக்கும், டயர் அமுங்கியிருப்பதைப் பார்த்தாலே லோடு எவ்வளவு என்று தெரியும். எல்லைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற விழிஞ்ஞம் துறைமுக வேலையை 1,000 நாளில் முடிப்போம் என்று 2015 டிசம்பரில் தொடங்கினார்கள், முதல் தாய்க்கப்பல் வந்து சேர 2024 ஜூலை ஆனது. கடலில் 3 கிலோமீட்டருக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்ட வேண்டும், கல் கிடைக்கவில்லை என்பது தாமதத்துக்கு அவர்கள் சொன்ன முக்கியமான காரணம். அந்தக் கல்லில் நம் மாவட்டத்துப் பாறையும் உண்டு. லாரி ஓட்டுகிறவர்களில் நம் சபைப் பிள்ளைகளும் உண்டு, கல் கொண்டுபோக வேண்டிய அனுமதிச்சீட்டான நடைச்சீட்டு எப்படி, எத்தனை லோடுக்குப் போடுகிறார்கள் என்று அவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள், பதில் சொல்ல மாட்டார்கள்.

2018-இல் நான் சபைக் கமிட்டிச் செயலாளர். கோபுரம் எழும்பிக்கொண்டிருந்த நேரம், அதில் பெரும்பகுதிக் காணிக்கை ஒரு குவாரிக்காரருடையது. நல்ல மனுஷன்தான், தசமபாகம் தவறாதவர், என் மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவர். அந்தச் சமயத்தில் பாறைக்கு அடிவாரத்தில் குடியிருக்கும் ஒரு பெரியம்மா கமிட்டிக்கு வந்தார்கள். எனக்கு ஓய்வுநாள் பாடசாலையில் வேதபாடம் சொல்லித்தந்தவர்கள், கணவர் இல்லை, ரப்பர் பால் வெட்டித்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். வெடி வைக்கும்போதெல்லாம் வீடு ஆடுகிறது, கலெக்டருக்குச் சபை ஒரு மனு எழுதித்தர வேண்டும் என்று கேட்டார்கள். பழைய வீடு, வெடிப்பு விழத்தானே செய்யும் என்று யாரோ சொன்னார். பெரியம்மா ஒன்றும் பேசாமல் போய்விட்டார்கள்.

மறுநாள் பார்க்கப் போனேன். அடுக்களைச் சுவரில் வெடிப்புக்குக் குறுக்கே காலண்டர் தாளைக் கீறி, கஞ்சித்தண்ணி தொட்டு, ஐந்தாறு இடத்தில் ஒட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தாளிலும் பேனாவால் ஒட்டிய தேதி. சுவர் அசையவில்லை என்றால் தாள் அப்படியே இருக்கும், அவ்வளவுதான் சங்கதி. மூன்று தாள் நடுவில் கிழிந்திருந்தது. எந்த எஞ்சினீயரும் வந்து அதைவிடத் தெளிவாக எழுதித்தர முடியாது. நான் கட்டன்சாயா குடித்துவிட்டு வந்து மினிட்ஸ் புத்தகத்தில் எழுதினேன்: "அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கலாம்." அடுத்த கூட்டம் எப்போது என்று எழுதவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கோபுரப் பிரதிஷ்டை நடந்தது, கல்வெட்டில் குவாரிக்காரர் பெயர் மேலே, என் பெயர் நான்காவது வரியில்.

அப்புறம் 2022. விழிஞ்ஞத்தில் லத்தீன் கத்தோலிக்க மீனவர்கள் ஆகஸ்டில் துறைமுக வாசலில் உட்கார்ந்தார்கள், டிசம்பர் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. துறைமுக வேலையால் கரை அரிக்கிறது, வீடு கடலுக்குள் போகிறது, வேலையை நிறுத்தி ஆய்வு செய்யுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. கடல் வீட்டைக் கொண்டுபோன குடும்பங்கள் வலியதுறையில் சிமென்ட் குடோனுக்குள் சேலையை மறைப்பாகக் கட்டி வருஷக்கணக்காகக் கிடந்தன. கடைசியில் அவர்களுடைய பேராயர் மீதும் போலீஸ் வழக்குப் போட்டது. நம் சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மீனவர்களுக்காக விசேஷ ஜெபம். போதகர் உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருக்கும்போது வெளியே பாறை லாரி போனது, அவர் சத்தத்தைக் கூட்டினார், இன்னொன்று போனது, நிறுத்தினார், சத்தம் அடங்கிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். யாருக்காக ஜெபித்தோமோ அவர்கள் கரைக்குத்தான் அந்தக் கல் போகிறது. வெட்டுகிறவன் கிறிஸ்தவன், ஓட்டுகிறவன் கிறிஸ்தவன், கரையில் வீடு போனவனும் கிறிஸ்தவன். நடுவில் ஒரு செக்போஸ்ட்.

சத்தீஸ்கரில் 2025 ஜூலையில் இரண்டு கன்னியாஸ்திரிகளை மதமாற்றம் என்று சொல்லி ரயில் நிலையத்தில் வைத்துப் பிடித்தபோது நமக்கெல்லாம் ரத்தம் கொதித்தது, கொதிக்க வேண்டியதுதான். நம்மை அடிக்கிறவனைப் பார்த்துக் கொதிப்பதை நான் தப்புச் சொல்லவில்லை. நம் கை யாரையாவது அடிக்கும்போதும் அந்த ரத்தம் கொஞ்சமாவது சூடாகிறதா என்றுதான் கேட்கிறேன்.

கட்சிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பயந்துவிட்டான் என்பீர்கள். 2025 மே 2 அன்று துறைமுகத் திறப்பு மேடையில் பிரதமரும் கேரள முதல்வரும் சேர்ந்து நின்றார்கள். ஒப்பந்தம் போட்டது எங்கள் முதல்வராக இருந்த உம்மன் சாண்டிதானே என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டார்கள். கப்பலுக்கு மூன்று அப்பன், பாறைக்கு ஒருவனும் இல்லை. நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? எல்லாக் கட்சியும் கனிமவளம் போகிறது என்று மேடையில் கத்தும், ராத்திரி லாரி போகும்.

போன மாதம் பழைய மினிட்ஸ் புத்தகத்தைத் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தைக் கமிட்டியில் வாசித்தேன். குவாரிக்காரரும் இருந்தார். எழுந்து போகவில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. கலெக்டருக்கு மனு எழுதினோம், 23 பேரில் 11 பேர் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள் அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள், அந்த வாசகத்தை நான்தானே பழக்கிக் கொடுத்திருக்கிறேன். மனுவை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போய் முழுவதும் படித்துக் காட்டினேன். காது இப்போது சரியாகக் கேட்பதில்லை, தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து மேலும் கீழும் பார்த்தார்கள்.

"தேதி போடலியே மக்கா" என்றார்கள்.

காலண்டருக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்த பேனாவை எடுத்து அங்கேயே போட்டேன்.