தாய் நிறுவனம் எங்கே பதில் சொல்ல வேண்டும்?

நண்பர்களே, சாம்பியாவில் சிங்கோலா என்று ஒரு மாவட்டம். அங்கே என்சாங்கா செம்புச் சுரங்கம் இருக்கிறது. சுற்றியுள்ள கிராமத்து ஏழை விவசாயிகளுக்குக் குடிக்க, ஆடுமாடுகளுக்குக் காட்ட, பயிருக்குப் பாய்ச்ச எல்லாவற்றுக்கும் ஓடைத் தண்ணீர்தான். 2005 முதல் சுரங்கக் கழிவு அதில் கலக்கிறது என்பது அவர்கள் புகார்.

சுரங்கத்தை நடத்தியது கொங்கோலா காப்பர் மைன்ஸ். அதன் தாய் நிறுவனம் லண்டனில் இருந்த வேதாந்தா ரிசோர்சஸ். தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையால் நமக்கும் பழகிப்போன பெயர். 2015-இல் 1,826 பேர் இரண்டு நிறுவனங்கள் மீதும் லண்டனில் வழக்குப் போட்டார்கள்.

துணை நிறுவனம் வேறு, நாங்கள் வேறு, எங்களிடம் இருப்பது பங்குகள் மட்டுமே. இப்படிப்பட்ட வழக்குகளில் தாய் நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் இது. சட்டத்தில் இதற்கு இடமுண்டு. பங்கு வைத்திருப்பவரெல்லாம் கம்பெனியின் தவறுக்குப் பொறுப்பு என்றால் யாரும் பங்கு வாங்க மாட்டார்கள். சரி. ஆனால் லாபம் வரும்போது ஒரே குடும்பம், நஷ்டஈடு என்றதும் பாகப்பிரிவினை என்றால் எப்படி?

வழக்கை விசாரணைக்கு எடுக்கலாமா என்ற கேள்விக்கு 2019 ஏப்ரல் 10 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாய் என்பதாலேயே பொறுப்பு வந்துவிடாது, தாய் என்பதாலேயே தப்பிக்கவும் முடியாது, சுரங்க நிர்வாகத்தில் அது எவ்வளவு தூரம் கைவைத்தது என்று பாருங்கள் என்றார் நீதிபதி லார்ட் பிரிக்ஸ். அதைப் பார்க்க உதவியது எது தெரியுமா? வேதாந்தாவே வெளியிட்ட அறிக்கைகள். சுற்றுச்சூழல் விதிகளை வகுக்கிறோம், பயிற்சி தருகிறோம், கண்காணிக்கிறோம் என்ற பொருளில் அவற்றில் எழுதியிருந்தார்கள். விசாரணைக்கு அனுப்ப இது போதும் என்றது நீதிமன்றம். கண்காணிப்பதாக ஊரறியச் சொல்லிவிட்டுக் கண்காணிக்காமல் இருந்தால், அதுவே பொறுப்பைத் தட்டிக்கழித்ததாகலாம் என்றும் சொன்னது. என் பார்வையில் தீர்ப்பின் உயிர்நாடி இந்த இடம்தான்.

அப்புறம், வழக்கை எங்கே நடத்துவது? சாம்பியாதான் பொருத்தமான இடம் என்று நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அங்கே இந்த மக்களுக்கு இலவசச் சட்ட உதவி கிடையாது. ஜெயித்தால் கட்டணம் என்ற ஏற்பாட்டுக்கும் அனுமதி இல்லை. இவ்வளவு பெரிய வழக்கைத் தாங்கும் வசதியும் அனுபவமும் உள்ள வக்கீல்களும் இல்லை. ஆகவே லண்டனிலேயே நடக்கட்டும் என்றார்கள். போபாலை நினைத்துப் பாருங்கள். யூனியன் கார்பைடின் இந்திய நிறுவனத்தில் 50.9 சதவீதப் பங்கு அப்போது அமெரிக்கத் தாயிடம் இருந்தது. அமெரிக்காவிலேயே விசாரியுங்கள் என்று இந்திய அரசே கேட்டும், 1986-இல் நியூயார்க் நீதிபதி கீனன் வழக்கை இந்தியாவுக்குத் திருப்பிவிட்டார். 1989-இல் 47 கோடி டாலரோடு சமரசம் முடிந்தது. அத்தனை சாவுக்கு அந்தத் தொகையா என்று இன்றும் மனம் கொதிக்கிறது.

சாம்பியா வழக்கும் முழு விசாரணை வரை போகவில்லை. பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலேயே 2021 ஜனவரியில் சமரசம் செய்துகொண்டார்கள். ஆனால் அடுத்த மாதமே அந்தத் தீர்ப்பு நைஜீரியர்களுக்குக் கைகொடுத்தது. எண்ணெய்க் கசிவுக்காக ஷெல் மீது ஓகாலே, பில்லே மக்கள் போட்டிருந்த வழக்கைக் கீழ் நீதிமன்றங்கள் தாய் நிறுவனத்துக்கு எதிராக நடத்த முடியாது என்று தள்ளியிருந்தன. நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளிவரும் முன்பே முடிவு கட்டியது தவறு என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் அதற்கு உயிர் கொடுத்தது.