தோற்ற அணிக்கும் அடுத்த ஞாயிறு வேண்டும்

(எங்கள் வட்டாரக் கால்பந்து லீக் நிறைவு விழாவில் பேசியது)

பங்குத் தந்தைக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், நடுவர்களுக்கும், வாரம் தவறாமல் பந்துகளி பார்க்க வந்த தாய்மாருக்கும் வணக்கம். கோப்பை வாங்கிய அணியைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் மனம் நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் கடைசி இடத்தில் முடித்த அணியைப் பற்றிப் பேசுகிறேன்.

நம் குமரி மாவட்டத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. தூத்தூர்ப் பையன்கள் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையில் தமிழ்நாட்டுக்கு ஆடியிருக்கிறார்கள். 2019-20 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை வென்ற ஏ.டி.கே. அணியில் நம் இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இருந்தார். ஆனால் நாம் பெரும்பாலும் நடத்துவது, தோற்றால் வெளியே என்கிற நாக் அவுட் போட்டிதான். எட்டு அணி வந்தால் மொத்தம் 7 ஆட்டம். நாலு அணி முதல் ஆட்டத்தோடு பையைக் கட்டிவிடும். அதே எட்டு அணியும் ஒவ்வொரு அணியோடும் ஒரு தடவை மோதும் ஒரு சுற்று லீக் ஆடினால் 28 ஆட்டம். ஜெயித்தவனுக்கும் ஏழு, தோற்றவனுக்கும் ஏழு. நாக் அவுட்டில் பதினேழு வயதுப் பையனை இறக்க எந்தக் கோச்சும் பயப்படுவார். லீக்கில் இறக்கிப் பார்க்கலாம். இன்று சொதப்பினாலும் அடுத்த ஞாயிறு இருக்கிறது.

சரி, அந்தக் கடைசி அணிக்கு வருகிறேன். அவர்களில் பாதிப் பேர் ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர்கள். ஒரு ஞாயிறு படகு கரைக்கு வரவில்லை. மைதானத்துக்கு வந்தது எட்டே பேர். ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது என்பது விதி. எட்டுப் பேர் இருந்ததால் ஆடினார்கள். நான் அவர்கள் கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கோலியின் உள்ளங்கையில் தூண்டில் கயிறு அறுத்த காயம், அதன்மேல் துணி சுற்றிய கையுறை. ஒவ்வொரு தடவை பந்தைப் பிடிக்கும்போதும் முகம் சுளித்தான், ஆனால் ஒருமுறைகூடக் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நாலு கோல் வாங்கினார்கள். நாக் அவுட்டாக இருந்தால் அந்தப் பையனை நாம் அதோடு மறந்திருப்போம். லீக் என்பதால் அவன் திரும்பி வந்தான். பட்டியலில் முதலில் நின்ற அணியை 1-1 என்று டிராவில் நிறுத்தினார்கள். கடைசி நிமிடத்தில் மூலையை நோக்கிப் போன பந்தை அதே கையால் தட்டிவிட்டான். அன்றைக்கு அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. எனக்கு இந்த சீசனில் பிடித்த புள்ளி அதுதான்.

அதனால் அமைப்பாளர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். அட்டவணையைக் கடலைப் பார்த்துப் போடுங்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆட்கள் ஊரில் இருப்பார்கள், ஆனால் தென்மேற்குப் பருவமழையில் மைதானம் குளமாகக் கிடக்கும். கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் ஊருக்கு வருவார்கள், அப்போது டோர்னமெண்ட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ஆக, எந்த மாதம் வைத்தாலும் ஏதாவது ஒரு அணிக்கு இடிக்கும். அதற்காக லீக்கையே விட்டுவிடாதீர்கள். படகு வரவில்லை என்று இரண்டு நாள் முன்னால் தகவல் சொன்னால் ஆட்டத்தைத் தள்ளி வைக்க ஒரு விதி எழுதுங்கள். சீசனுக்கு ஒரு அணிக்கு ஒரு தடவை போதும், இல்லையென்றால் எல்லாரும் அதையே சாக்காக்கிவிடுவார்கள்.

இன்னொன்று, நடுவர்களுக்குப் பஸ் காசாவது ஒழுங்காகக் கொடுங்கள். கோட்டுக்கு வெளியே நின்று அவர்களைத் திட்டுவதற்கு நமக்கு நூறு பேர் இருக்கிறார்கள். விசிலை வாங்கி நிற்க முன்வருகிறவர்கள் குறைவு. ஆட்டத்தை விட்ட அண்ணன்மார் ரெஃப்ரி தேர்வு எழுதலாம்.

அப்புறம், குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளையும் அடுத்த சீசனில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஆட்டம் அவர்கள் செம்மண்ணில், ஒரு ஆட்டம் நம் மணலில். அட்டவணை போடும் கூட்டத்துக்கு அவர்களையும் கூப்பிடுங்கள். நன்றி, வணக்கம்.