பிளேக் கிருமியைக் காட்டிக்கொடுத்த லஞ்சம்! | ஹாங்காங் 1894

[திரையில்: இருட்டறை, ஒரு சவப்பெட்டி, அதன்மேல் சுண்ணாம்பு]

லஞ்சம் கொடுத்து ஒருவர் பிணவறைக்குள் நுழைகிறார். திருட வந்தவர் இல்லை, டாக்டர். கொஞ்ச நேரத்தில், மனித குலத்தைப் பல நூற்றாண்டுகள் சாகடித்த ஒரு கிருமியை நுண்ணோக்கியில் பார்க்கப்போகிறார். பிணத்துக்குக் காவல் எதற்கு, டாக்டரை ஏன் உள்ளே விடவில்லை? அதுதான் இன்றைய கதை.

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன், தூங்கிவிடாதீர்கள். சீனாவோடு அபினிப் போர், 1842, நான்கிங் உடன்படிக்கை, ஹாங்காங் தீவு பிரிட்டன் கைக்குப் போனது. சரி, முடிந்தது.

[திரையில்: பழைய அரசிதழ்ப் பக்கம்]

1853 முதல் அங்கே அரசிதழ் வெளிவந்தது. சட்டம், டெண்டர், சிறைக் கணக்கு, சாவுக் கணக்கு எல்லாம் அதில்தான். நோயைப் பற்றிய அறிவிப்பும் குற்றத்தைப் பற்றிய அறிவிப்பும் ஒரே அதட்டல் குரலில் இருக்கும்.

அந்த ஊரில் ஒரு சட்டம் இருந்தது. ராத்திரி வெளியே வரும் சீனர் கையில் விளக்கு இருக்க வேண்டும், அனுமதிச் சீட்டும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கைது. வெள்ளைக்காரருக்கு விளக்கும் வேண்டாம், சீட்டும் வேண்டாம். இருட்டு எல்லாருக்கும் ஒன்றுதானே என்று கேட்காதீர்கள். பிடிக்கிற போலீஸில் இந்தியர்களும் நிறைய. நம் ஆட்களுக்கு அங்கே கிடைத்த வேலை அது.

இப்போது 1894. மே 10, ஹாங்காங் பிளேக் நோய்த் தொற்றுள்ள துறைமுகம் என்று அறிவிப்பு வருகிறது. தாய்பிங்ஷான் என்ற நெருக்கடியான சீனக் குடியிருப்பில்தான் சாவு அதிகம். பெயருக்கு ‘பேரமைதி மலை’ என்று பொருள்! வீடு வீடாகச் சோதனை. நோயாளியைத் தூக்கிக் கப்பல் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். அந்தக் கப்பலின் பெயர் ஹைஜியா, கிரேக்கரின் சுகாதாரத் தேவதை. ஷ்ராப்ஷயர் படைப்பிரிவுச் சிப்பாய்கள் வீடுகளுக்குள் புகுந்து தட்டுமுட்டுச் சாமான்களை எரித்தார்கள், சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். போருக்கு வந்தவர்களை வெள்ளையடிக்க விட்டால் எப்படி இருக்கும்? மக்கள் நோயை விட சிப்பாய்க்குத்தான் அதிகம் பயந்தார்கள். பல்லாயிரம் பேர் ஊரைவிட்டே போனார்கள். அந்த ஆண்டு செத்தவர்கள் சுமார் 2,500 பேர்.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. காபி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதம் இரண்டு பேர் வந்து இறங்குகிறார்கள். முதலில் ஜப்பானின் கிருமி ஆராய்ச்சியாளர் கிதசாதோ. பெர்லினில், கிருமி ஆராய்ச்சியின் முன்னோடி ராபர்ட் கோக்கிடம் படித்தவர், பெரிய பெயர், கூடவே ஒரு குழு. ஆஸ்பத்திரிப் பொறுப்பில் இருந்த டாக்டர் லோசன் அவரை மாப்பிள்ளை மாதிரி வரவேற்றார். ஆய்வுக்கு அறை, அறுத்துப் பார்க்க உடல்கள், எல்லாம் கிடைத்தன. ஜூன் 14, கிருமி கிடைத்துவிட்டது என்றார்.

மறுநாள் அலெக்சாந்தர் யெர்சின் வருகிறார். பிறப்பால் சுவிஸ்காரர், குடியுரிமையால் பிரெஞ்சுக்காரர், பாரிஸில் கிருமி ஆராய்ச்சி செய்யும் பாஸ்டர் நிறுவனத்து ஆள். அவருக்கு உடல்கள் தரவில்லை. மூங்கிலும் கீற்றும் வைத்துக் குடிசை ஒன்றைக் கட்டி, அதுதான் என் ஆய்வகம் என்று உட்கார்ந்துவிட்டார். பந்திக்கு வந்தவரை வாசலிலேயே நிறுத்திய கதை! இத்தாலியப் பாதிரியார் ஒருவர்தான் வழி சொன்னார்: பிணங்களுக்குப் பொறுப்பான ஆங்கிலேய மாலுமிகளின் கையில் கொஞ்சம் காசு வையுங்கள். வைத்தார். சவப்பெட்டி திறந்தது. சுண்ணாம்பை ஒதுக்கி, தொடை இடுக்கில் வீங்கியிருந்த நெறிக்கட்டியை அறுத்தெடுத்துக் குடிசைக்கு ஓடினார். நுண்ணோக்கியில் கிருமி மொய்த்துக் கிடந்தது. ஜூன் 20.

கவனியுங்கள், கிதசாதோ முக்கியமாக ரத்தத்தில் தேடினார். யெர்சின் நேராகக் கட்டிக்குப் போனார். கிதசாதோவின் மாதிரிகளில் வேறு கிருமியும் கலந்திருக்கலாம் என்று பின்னால் சர்ச்சை வந்தது. இன்று அந்தக் கிருமியின் பெயர் யெர்சினியா பெஸ்டிஸ். எனக்குக் கிதசாதோ மேல் கோபம் இல்லை, பெரிய விஞ்ஞானி. ஆனால் குடிசைக்காரர் ஜெயித்தால் விசில் அடிக்காமல் இருக்க முடியுமா? யார் பக்கம் என்று கமெண்டில் சொல்லுங்கள்.

[திரையில்: இன்றைய பிளேக் கார்டன்]

தாய்பிங்ஷானின் பெரும்பகுதியை இடித்தார்கள். இடித்த இடத்தில் இன்று ஒரு பூங்கா. பிளேக் கார்டன் என்ற பெயரைக் கேட்டுப் பதறாதீர்கள், இந்தப் பிளேக் (Blake) ஆளுநர் ஒருவரின் பெயர்!

1896-ல் நோய் பம்பாய்க்கு வந்தது, ஹாங்காங்கிலிருந்து கப்பலேறி வந்திருக்கும் என்பது பெரும்பாலோர் கருத்து. 1897-ல் இங்கே தொற்றுநோய்ச் சட்டம். உத்தரவை மீறினால் அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டம் 188-ன்படி குற்றமாக இருந்தது. உத்தரவை நல்லெண்ணத்தோடு நிறைவேற்றிய அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது. அதே 1897-ல்தான் ஹாங்காங்கில் விளக்குச் சட்டம் ஒழிந்தது. நம் சட்டமோ 2020 கொரோனா ஊரடங்கில் தூசி தட்டி எழுந்து வந்தது. அப்போது வண்டியைப் பறிகொடுத்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். வண்டி எண் மட்டும் வேண்டாம்.