மூன்று காம்புப் பசு

நேயர்களுக்கு வணக்கம்.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பழங்காலத்தில் வாழ்ந்த கெல்டிக் மக்களை வைத்து ஆங்கிலத்தில் வரும் வரலாற்று மிகுபுனைவு நாவல்களில் நாலைந்து படித்தாலே போதும், அந்தத் தேவி பழகிவிடுவாள். கன்னி, தாய், கிழவி என்று மூன்று முகங்கள், உச்சியில் பிறைநிலா. ஆதிகாலத்து வழிபாடு என்று பூசாரிப் பெண் ஒருத்தி சத்தியம் செய்வாள்.

அந்த மூன்று முகத்தை ஊரறியச் செய்தது கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் 1948இல் வெளியிட்ட 'வெள்ளைத் தேவி' என்ற நூல். ஆதிகாலம் என்பது பெரும்பாலும் அதுதான்!

கெல்டியருக்கு மூன்று பிடித்த எண் என்பது உண்மை. இங்கிலாந்தின் சிரென்செஸ்டரில் கிடைத்த ரோமானியர் காலத்துச் சிற்பத்தில் மூன்று பெண்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். மூவருமே தாய்மார்கள். கி.பி. 900ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட ஐரிஷ் சொற்பொருள் நூலில் பிரிஜிட் புலவர்களின் தெய்வம். அதே பெயரில் அவளுக்கு இரண்டு சகோதரிகள்: ஒருத்தி மருத்துவத்துக்கு, ஒருத்தி கொல்லுப்பட்டறைக்கு. வயதை வைத்து யாரும் அவர்களைப் பிரிக்கவில்லை.

எனக்குப் பிடித்தவள் ஐரிஷ் போர்த்தெய்வம் மோரிகன். அயர்லாந்தின் பழங்கதை ஒன்று, 'கூலி நாட்டு ஆநிரை கவர்தல்' என்று நாம் சொல்லலாம். அதில் அவள் வீரன் கூஹுலினிடம் இளம்பெண்ணாக வந்து காதல் சொல்கிறாள். சண்டைக்கு நடுவே இதற்கெல்லாம் நேரமில்லை என்று விரட்டிவிடுகிறான். பிறகு அவன் ஆற்றுத்துறையில் போரிடும்போது விலாங்காக வந்து காலைச் சுற்றுகிறாள். அடுத்து ஓநாய், அதற்கடுத்து கொம்பில்லாத சிவப்புக் கிடாரி. அவளுக்கு விலாவும் கண்ணும் காலும் போகின்றன. அவன் கையால் பட்ட காயம், அவன் மனது வைத்தால்தான் ஆறும்.

அப்புறம் வழியோரம் ஒரு கிழவி, மூன்று காம்புள்ள பசுவைக் கறந்துகொண்டிருக்கிறாள். தாகத்தோடு வந்தவன் மூன்று முறை பால் வாங்கிக் குடித்து, மூன்று முறை வாழ்த்துகிறான். வாழ்த்துக்கு ஒரு காயமாக ஆறிவிடுகிறது. நீ என்று தெரிந்திருந்தால் வாழ்த்தியிருக்கவே மாட்டேன் என்கிறான். குமரியும் கிழவியும் அவளுக்கு வேடங்கள். காரியம் முடிந்தால் கழற்றிவிடுவாள்.

இதை ஏட்டில் எழுதி வைத்தவர்கள் கிறித்தவத் துறவிகள். நமக்குக் கிடைத்த பழைய பிரதி கி.பி. 1100ஐ ஒட்டியது. அவர்கள் எதை விட்டார்கள், எதைச் சேர்த்தார்கள் என்பது வேறு வழக்கு. ஆனால் இந்தக் குறும்பை அவர்கள்கூடத் தொடவில்லை. நாவலாசிரியர்கள்தான் அவளைக் குளிப்பாட்டி, பூச்சூட்டி, பக்கம் பக்கமாக உபதேசம் செய்ய வைக்கிறார்கள்.

டப்ளின் தலைமை அஞ்சலகத்தில் ஆலிவர் ஷெப்பர்ட் வடித்த வெண்கலச் சிலை இருக்கிறது. கல்தூணில் தன்னைக் கட்டிக்கொண்டு நின்றபடியே செத்துப்போன கூஹுலின். தோளில் காக்கை வேடத்தில் மோரிகன், வாயைத் திறக்காமல்.