1996க்கு முன்னமே நமக்கு ஓர் உலக சாம்பியன் இருந்தார்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கல்முனையிலிருந்து பேசுகிறேன். கடல் இரைச்சல் கொஞ்சம் கூடக் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கை எப்போது உலக சாம்பியன் ஆனது என்று இங்கே எந்தத் தம்பியிடம் கேட்டாலும் அர்ஜுன ரணதுங்க, 1996, லாகூர் என்று மூச்சுவிடாமல் சொல்வான். அது கிரிக்கெட். அதற்கு 23 வருஷம் முந்தியே, 1973இல், பம்பாயில் நம் நாட்டவர் ஒருவர் உலக சாம்பியனாகிவிட்டார். எம்.ஜே.எம். லாபிர். ஆட்டம் பில்லியர்ட்ஸ், மேசைமேல் நீளக் கோலால் பந்தைத் தட்டி ஓரக் குழிகளில் விழுத்துவது.

ஸ்நூக்கரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இதில் மூன்றே பந்து. சிவப்பு ஒன்று, ஆளுக்கொரு பந்து. சிவப்பைக் குழியில் போட்டால் 3 புள்ளி. உங்கள் பந்து மற்ற இரண்டையும் தொட்டால் 2. எனக்குப் பிடித்தது அடுத்ததுதான்: உங்கள் பந்தே இன்னொன்றில் பட்டுக் குழிக்குள் விழுந்தாலும் புள்ளி! கெரத்தில் ஸ்ட்ரைக்கர் விழுந்தால் காயைத் திருப்பி வைக்கிறோம், இங்கே பரிசு தருகிறார்கள்.

லாபிர் 1930இல் பிறந்தவர். 1967இல் உலகப் போட்டி கொழும்பிலேயே நடந்தது. இங்கிலாந்தின் லெஸ்லி டிரிஃபீல்ட் வென்றார், லாபிருக்கு இரண்டாமிடம். சொந்த ஊரில் கைநழுவியது எப்படி வலித்திருக்கும்! ஆறு வருஷம் கழித்து பம்பாயில் கதை திரும்பியது. இந்தியாவின் சதீஷ் மோகன் இரண்டாமிடம், நம்மவர் முதலிடம்.

அப்புறம் ஏன் யாருக்கும் தெரியவில்லை? இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல். அந்த 1973ஐ நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் பாணுக்கு வரிசையில் நின்றதையும், நெல் விளையும் நம் பக்கத்திலிருந்து அரிசி கொண்டுபோகத் தடை இருந்ததையும்தான் சொல்வார்கள். பில்லியர்ட்ஸ் யார் ஞாபகத்தில் நிற்கும்?

மேசையும் ஒரு காரணம். 12 அடி நீளம், 6 அடி அகலம், துணிக்கு அடியில் கற்பலகை. வெள்ளைக்காரன் விட்டுப்போன கிளப்புகளில்தான் அது கிடக்கும். நம் தெருவுக்கு வந்தது கெரம் போர்ட்தான்.

லாபிர் 1981இல் காலமானார். உங்கள் வாப்பா, அப்பா, மூத்தவர்கள் யாராவது அந்த வெற்றியை வானொலியில் கேட்டிருந்தால் கீழே எழுதுங்கள். காத்தான்குடி, மட்டக்களப்பு, அக்கரைப்பற்று, எங்கிருந்தாலும் நேரில் வந்து பேசிப் பதிவுசெய்கிறேன்.